கருமணல் புகுந்த ஹெலிகாப்டரும் வடசேரி வைண்டிங் கடையும்

ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் பழுதானால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரிடம் கொடுப்பது என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் போனில் பேசியும் பாதி விஷயம் விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் சொல்லப்போவது ஹெலிகாப்டர் கடை இல்லை, பொம்மைக் கடையும் இல்லை. மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன், கிணற்று மோட்டார் இதற்கெல்லாம் காயில் கட்டுகிற வைண்டிங் கடை. நாகர்கோவில் வடசேரியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "கோடைல கிணத்து மோட்டாரே அடுக்கிக் கெடக்கும் மக்கா, எல்லாரும் ஒண்ணா வந்து நின்னா ஒருத்தருக்கும் ஒழுங்கா செய்து குடுக்க முடியாது" என்றார். அவர் பேச்சை மீற மாட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், அப்படியே எழுதுகிறேன்.

முதலில் என் ஹெலியைப் பற்றிச் சொன்னால்தான் அவர் செய்த வேலை புரியும். அலைன் டிரெக்ஸ் 450, தைவான் கம்பெனி, ஃபிளைபார் (தலையில் பிளேடுகளுக்குக் குறுக்கே நிற்கிற சமநிலைக் கம்பி) வைத்த பழைய ஸ்போர்ட் மாடல், வால் பிளேடைச் சுற்றவைக்க பெல்ட். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 325 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு பிளேடு, 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி. தலை, அதாவது பெரிய பிளேடுகள் மாட்டியிருக்கிற மேல்பகுதி, நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு சுமார் 340 கிலோமீட்டர் வரும். பிளேடு ஒன்று சுமார் 30 கிராம்தான், ஆனால் அந்த வேகத்தில் அது வெளிப்பக்கமாக இழுக்கிற இழுவை 40 கிலோ அளவுக்குப் போகிறது, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவு பேரிங்கும் அதைப் பிடித்திருக்கிற ஒரு ஸ்குரூவும்தான் அந்த இழுவையைத் தாங்குகின்றன. தலை ஒரு சுற்று சுற்றினால் வால் பிளேடு நாலேகால் சுற்று சுற்றும், அப்படியென்றால் வால் பிளேடு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். இதில் ஒரு ஷாஃப்ட் தலைமுடி அளவு வளைந்தாலும் மொத்த உடம்பும் நடுங்கும். ஏனோதானோ என்று மாட்டிப் பறக்கவிட்டால் ஹெலி போவது மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கிற ஆளின் கண்ணும் போகும்.

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்தால் மாசி, பங்குனியில் பூதப்பாண்டிப் பக்கத்து வயல்கள் காய்ந்து கிடக்கும், நான் அங்கேதான் பறக்கவிடுவேன். முதல் போகமான கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறந்ததும் இடம் போய்விடும். தேரூர், சுசீந்திரம் குளத்துப் பக்கம் பறவைகள் இறங்குகிற இடம், அங்கே நான் பறக்கவிடுவதே இல்லை, நீங்களும் விடாதீர்கள். ஆக, போன சித்திரையில் இடம் தேடிக் கடற்கரைக்குப் போனேன். மணவாளக்குறிச்சிப் பக்கம், காலை ஆறரை மணி, காற்று இல்லை, ஆள் இல்லை, நல்ல அகலமான மணல். ஏழெட்டு முறை போயிருப்பேன். மணலிலேயே தூக்கி மணலிலேயே இறக்கினேன். அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வைகாசி பிறப்பதற்குள் வால் நடுங்க ஆரம்பித்தது. சும்மா ஹோவரில், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில், நிறுத்தினாலே வால் இடதும் வலதுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். வாலை நேராகப் பிடித்துவைக்கிற கைரோவின் கெயினை (அது எவ்வளவு வேகமாக எதிர்வினை செய்ய வேண்டும் என்ற அளவு) குறைத்தால் அடிப்பது நிற்கும், ஆனால் வால் பிடிப்பே இல்லாமல் திரும்பிக்கொண்டு போய்விடும். மோட்டாரும் சூடு, நாலு நிமிடம் பறந்து இறங்கினால் கை வைக்க முடியாத சூடு.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்துபார்த்துவிட்டு வெளியூர்க் கடை ஒன்றுக்கு பார்சலில் அனுப்பினேன். அந்தக் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஐந்து வாரம் கழித்து வந்தது. கைரோ புதுசு, வால் சர்வோ (வால் பிளேடைத் திருப்புகிற குட்டி மோட்டார்) புதுசு, பெல்ட் புதுசு, மெயின் ஷாஃப்ட் புதுசு, பில் 6,400 ரூபாய். மோட்டாரும் போய்விட்டது, அதையும் மாற்ற வேண்டும், தனியாக 3,000 ஆகும் என்று ஒரு சீட்டு. பறக்கவிட்டேன், அதே நடுக்கம். கூடவே ஸ்டிக்கைச் சாய்த்தால் ஹெலி கொஞ்சம் தாமதித்து அப்புறம்தான் சாய்ந்தது. இது அனுப்புவதற்கு முன்னால் இல்லாத கோளாறு. கேட்டேன். மோட்டாரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. பணம் போனதைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமலே ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள், கழற்றிய பழைய சாமானையும் திருப்பி அனுப்பவில்லை.

ஆடி மாதம் வீட்டு மிக்சி புகைந்தது. அதைக் கொடுக்க இந்தக் கடைக்குப் போனபோதுதான் அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், இந்த மாதிரி சின்ன மூணு ஒயர் மோட்டார் எல்லாம் வைண்டிங் பண்ண முடியுமா என்று. அவர் ஹெலிகாப்டரைக் கையில் தொட்டதே கிடையாதாம். "கம்பியும் காந்தமும் உள்ள எதுவா இருந்தாலும் கொண்டா, பாத்துட்டுச் சொல்லுகேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருவேன்" என்றார். மறுநாள் கொண்டுபோனேன்.

பெஞ்சில் வைத்ததும் நேரே மோட்டாரைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். தொடவே இல்லை. எந்தெந்த இடம் சுற்றும், எது எதைச் சுற்றவைக்கும் என்று என்னைச் சொல்லச் சொன்னார். கையால் தலையை மெதுவாக உருட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். கைரோ என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். வால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது உணர்ந்து சர்வோவுக்குச் சொல்லும், சர்வோ வால் பிளேடைத் திருப்பி வாலை நேராக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அது காது மாதிரி. காதுகிட்ட ஒருத்தன் நின்னு கத்திக்கிட்டே இருந்தா நாம சொல்லுகது எங்க கேக்கும்? எங்கேயோ ஒண்ணு கத்துது. அத முதல்ல பாப்போம்" என்றார்.

புது கைரோவுக்கு 6,400 ரூபாய் பில்லில் பெரும்பங்கு கொடுத்தவன் நான். கைரோவில் கோளாறே இல்லை, அது பாவம் நடுக்கத்தைத்தான் வால் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டு சர்வோவை விரட்டியிருக்கிறது. இதை அவர் ஐந்து நிமிடத்தில் சொன்னார்.

அப்புறம் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஹெலி வைத்திருக்கிற எல்லாருக்கும் இது பயன்படும். பிளேடு இரண்டையும் கழற்றச் சொன்னார். பிளேடு இல்லாமல் மோட்டாரைப் பாதி வேகத்துக்கு ஓட்டினேன். நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றின் நுனியை ஃபிரேமில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். வால் இறக்கையின் ஓரம் இரண்டு கோடாகத் தெரிகிறது பார் என்று எனக்குக் காட்டினார், நடுக்கம் இருந்தால் ஓரம் கலங்கித் தெரியும். சரி, அப்படியென்றால் மெயின் பிளேடு காரணம் இல்லை. அடுத்து வால் பிளேடுகளைக் கழற்றினோம். அதே சத்தம். அடுத்து மோட்டாரின் இரண்டு ஸ்குரூவைத் தளர்த்தி பினியனை (மோட்டார் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரம்) மெயின் கியரிலிருந்து விலக்கி, மோட்டாரை மட்டும் தனியாக இரண்டு மூன்று விநாடி ஓட்டினோம். தலையும் ஓடவில்லை, வாலும் ஓடவில்லை, ஆனால் நடுக்கம் அப்படியே இருந்தது. காதிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டு, "இது பேரிங் மட்டும் போன சத்தம் இல்ல மக்கா. உள்ள என்னமோ கெடக்கு. கரகரன்னு வருகு" என்றார்.

வெளியூர்க் கடையும் மோட்டார் என்றுதானே சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், கடைசியில் சொன்னார்கள், நாலு சாமானை மாற்றிய பிறகு, அதுவும் திறந்து பார்க்காமல்.

மோட்டார் வெளிக்கூடு சுற்றுகிற வகை. காந்தங்கள் வெளிக்கூட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்கும், நடுவில் அசையாத காயில். பினியனின் கிரப் ஸ்குரூ லாக்டைட் (ஸ்குரூ தளராமல் இருக்கப் போடும் பசை) போட்டு இறுகிக் கிடந்தது. சால்டரிங் அயர்ன் நுனியை அதன் மேல் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கினார், ஆலன் கீ வைத்ததும் வழுக்காமல் திரும்பிவிட்டது. சூடாக்காமல் திருகினால் அந்தச் சின்னத் தலை உருண்டுபோகும், என் கையாலேயே அப்படி இரண்டு ஸ்குரூ போயிருக்கிறது. அடியில் இருந்த கிளிப்பை எடுத்துவிட்டு வெளிக்கூட்டை இழுத்து உருவினார்.

உள்ளே காந்தங்களின் மேல் கறுப்பாக, பூனை ரோமம் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு காந்தத்துக்கும் அடுத்த காந்தத்துக்கும் நடுவில் உள்ள பள்ளம் முழுக்க நிரம்பியிருந்தது. நான் கார்பன் என்று நினைத்தேன். அவர் விரல் நுனியில் தொட்டு வெள்ளைத் தாளில் தேய்த்தார், மினுமினுவென்று கறுப்பு மணல். தாளுக்கு அடியில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்து நகர்த்தினார். மணல் எழுந்து நின்று காந்தம் போன வழியே ஊர்ந்து போனது.

"கடக்கரைல பறத்துனியா?"

ஆமாம் என்றேன்.

"மணவாளக்குறிச்சிப் பக்கமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "கருமணல் மக்கா. கம்பெனில இதக் காந்தம் வச்சுத்தான பிரிக்கியானுவ. நீ காந்தத்தக் கொண்டுபோயி மணலுக்குள்ளேயே எறக்கியிருக்க" என்றார்.

இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அரிய மணல் ஆலை இருக்கிறது, இல்மனைட், ருட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் அங்கே பிரிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். இல்மனைட் பலமான காந்தத்தில் ஒட்டும் என்பதும் தெரியும். ஆனால் என் ஹெலி மோட்டாருக்குள் இருப்பது நியோடைமியம் காந்தம், கீழ்நோக்கி அடிக்கிற காற்றில் மணல் எழும்பும், மோட்டாரின் காற்றுத் துளை வழியே உள்ளே போனால் திரும்ப வெளியே வராது என்று இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. வெளியூர்க் கடைக்காரர்களுக்குத் தெரியாமல் போனதில்கூட ஆச்சரியம் இல்லை, அவர்கள் ஊர் மணல் வேறு. ஆனால் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

சுத்தம் செய்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். நான் டயர் கடையில் கம்ப்ரசர் வைத்து ஊதிவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். ஊதினால் மணல் பறந்து இன்னொரு காந்தத்தில்தான் ஒட்டும், இல்லாவிட்டால் பேரிங்குக்குள் ஏறும். இன்சுலேஷன் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒட்டுகிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஒரு மூங்கில் குச்சியில் சுற்றி, ஒவ்வொரு காந்தமாக ஒத்தி ஒத்தி எடுத்தார். ஒரு துண்டை இரண்டு தடவைக்கு மேல் பயன்படுத்தவில்லை. முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு ஆள் கிரைண்டர் கேட்டு வந்தார், உட்காரச் சொல்லிவிட்டு இதை முடித்த பிறகுதான் எழுந்தார். எடுத்த மணல் ஒரு தீப்பெட்டி மூடியில் கால்வாசி இருந்தது.

காயில் கம்பியின் மேல் பூச்சு இரண்டு இடத்தில் மணல் உரசிக் கீறியிருந்தது. மல்டிமீட்டரை வைத்து மூன்று ஒயரில் ஒவ்வொரு ஜோடிக்கும் அளந்தார், கம்பிக்கும் நடுவில் உள்ள தகட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். ஷார்ட் இல்லை, மறுபடி வைண்டிங் செய்ய வேண்டியதும் இல்லை என்றார். நினைத்தால் வைண்டிங் என்று சொல்லி 1,000 ரூபாய் வாங்கியிருக்கலாம், நானும் கொடுத்திருப்பேன். கீறின இடத்தில் மட்டும் வைண்டிங் வார்னிஷ் தொட்டுவைத்து ஒரு நாள் காயவைத்தார். மோட்டாரின் இரண்டு பேரிங்கும் கையில் சுற்றினாலே கரகர. அதே அளவில் நான் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தேன், அவர் மாற்றினார்.

மோட்டார் ஊமையாகிவிட்டது. அவ்வளவு அமைதி. மாட்டி ஓட்டினோம், வால் இறக்கையின் ஓரம் ஒரே கோடாகத் தெரிந்தது.

நான் கிளம்பிவிட்டேன். அவர் விடவில்லை. "சாய்க்கும்போது மடிக்குன்னு சொன்னியே, அது மோட்டார்ல வராதே" என்றார். ஸ்டிக்கைச் சாய்த்தால் ஹெலி தாமதிக்கிறதே, அதைத்தான் சொன்னார். உண்மையில் நான் அதை மறந்தேவிட்டேன். பிளேடைப் பிடிக்கிற கிரிப் இரண்டையும் விரலால் திருப்பிப் பார்த்தார், ஒன்று லேசாகத் திரும்பியது, இன்னொன்று இறுக்கம். இதன் படம் இருக்கிறதா என்று கேட்டார். அலைன் மேனுவலைப் போனில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிரித்துப் போட்ட படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பத்து நிமிடம் பார்த்தார். அதன் பிறகுதான் கிரிப்பைத் திறந்தார்.

உள்ளே த்ரஸ்ட் பேரிங் என்று ஒன்று இருக்கும், நான் முதலில் சொன்ன 40 கிலோ இழுவையைத் தாங்குவது அதுதான். இரண்டு வளையம், நடுவில் குண்டுகள். வளையங்கள் பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் துளை மற்றதைவிட மயிரிழை பெரிது. துளை பெரிதான வளையம் தலையின் நடுவைப் பார்த்து உட்பக்கம் வர வேண்டும், சிறியது வெளியே, ஸ்குரூ பக்கம். வெளியூர்க் கடையில் ஒரு கிரிப்பில் சரியாகவும் இன்னொன்றில் மாற்றியும் போட்டிருந்தார்கள். அண்ணன் வெர்னியர் வைத்து அளந்து, எனக்கும் அளந்து காட்டி, மாற்றிப் போட்டு கிரீஸ் வைத்தார். இரண்டு கிரிப்பும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பின. ஹெலி வைத்திருக்கிறவர்கள் இதை ஒருமுறை கழற்றிச் சரிபாருங்கள், தயவுசெய்து. அந்த வளையம் இடம் மாறிப் பறந்துகொண்டிருந்தால் ஒருநாள் பிளேடு கிரிப்போடு கழன்று வரும்.

கிரிப்பைக் கழற்றும்போதே இரண்டு கிரிப்பையும் தாங்குகிற ஃபெதரிங் ஷாஃப்டையும் உருவி, ஷோகேஸ் கண்ணாடியின் மேல் உருட்டினார். டார்ச்சை எதிர்ப்பக்கம் பிடிக்கச் சொன்னார். ஷாஃப்ட் உருளும்போது அடியில் வெளிச்சக் கீற்று ஒன்று வந்து வந்து மறைந்தது, வளைவு. கண்ணால் நேரே பார்த்தால் அம்பு மாதிரி நேராகத்தான் இருக்கிறது. அதே கண்ணாடியில் அவர்கள் போட்ட புது மெயின் ஷாஃப்டையும் உருட்டினார், அது நேர். ஆக, மாற்ற வேண்டிய 280 ரூபாய் ஷாஃப்டை விட்டுவிட்டு மெயின் ஷாஃப்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

மொத்தம் அவர் வாங்கிய கூலி 900 ரூபாய். நான் வாங்கிக் கொடுத்த பேரிங், ஷாஃப்ட் எல்லாம் சேர்த்து 600. கழற்றிய ஒவ்வொரு பழைய சாமானையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். மணலையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார், இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், போய்விட்டு என்னைத் திட்டக்கூடாது. அவசரம் என்றால் அங்கே போகாதீர்கள். எனக்கு இந்த வேலை முடிய பதினெட்டு நாள் ஆனது, ஆடியில் வேலை குறைவாக இருந்தும். கோடையிலும், இடி மின்னல் சமயத்தில் மோட்டார்கள் கருகி வரும்போதும் ஒரு மாதம்கூட ஆகலாம். தண்ணீர் மோட்டார் இல்லாமல் ஒரு வீடு நிற்கும்போது உன் ஹெலிகாப்டரை முதலில் பார்க்க முடியாது என்பார், எனக்கு அது நியாயம்தான். ஸ்பேர் எதுவும் அவரிடம் கிடையாது, நீங்கள்தான் நம்பர் பார்த்து வரவழைக்க வேண்டும். ரசீது கிடையாது. டிரான்ஸ்மிட்டர் செட்டிங், பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்), கைரோ கெயின் இதையெல்லாம் தொடவே மாட்டார், அது உங்கள் வேலை. மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது பினியனுக்கும் மெயின் கியருக்கும் நடுவே ஒரு துண்டு நியூஸ்பேப்பர் வைத்து அழுத்தி ஸ்குரூ முடுக்கி, அப்புறம் பேப்பரை உருவ வேண்டும் என்பதை நான்தான் அவருக்குச் சொன்னேன், அந்த மெல்லிய இடைவெளி இல்லாவிட்டால் பல் தேயும். லாக்டைட்டும் நான்தான் கொண்டுபோனேன். நீல நிறம்தான் வேண்டும், சிவப்பு வாங்கிவிடாதீர்கள், நன்றாகச் சூடாக்காமல் கழற்றவே முடியாது. உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு, பிளாஸ்டிக் மேல் பட்டால் அது வெடித்துப்போகும்.

லிப்போ பேட்டரியை அவர் தொடுவதில்லை. உப்பிப்போன ஒன்றை நான் எடுத்துப்போனபோது கடைக்குள்ளேயே விடவில்லை. அதுவும் சரிதான், வார்னிஷும் தின்னரும் இருக்கிற கடை. பேட்டரிக்கு நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான்: 2200 எம்ஏஎச்சில் 1760க்கு மேல் செலவாக்காமல் இறக்கிவிடுவேன், இரண்டு நாளுக்கு மேல் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவைப்பேன். முழு சார்ஜில் நம்ம ஊர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் பேட்டரி உப்ப ஆரம்பித்துவிடும்.

கடல்காற்று உள்ள ஊருக்கு எப்படி வைத்துக்கொள்வது என்று அண்ணன் சொன்னதும் நான் அதற்கப்புறம் செய்துவருவதும் சேர்த்து: கடற்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போயே ஆக வேண்டும் என்றால் பெரிய பாயோ தார்ப்பாயோ விரித்து அதன் நடுவில்தான் தூக்கவும் இறக்கவும் வேண்டும், கருமணல் இல்லாத இடமாகவும் பார்க்க வேண்டும். சங்குத்துறைக் கடற்கரையில் ஒருமுறை தார்ப்பாய் விரித்துப் பறக்கவிட்டேன், அன்று இரவே வால் பேரிங்கைத் திறந்து பார்த்தேன், மணல் இல்லை, ஆனால் ஸ்குரூ தலைகளில் மூன்றாம் நாள் லேசாகத் துரு. உப்பு மணலைப்போல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கடல்பக்கம் போய்வந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஷாஃப்ட்களுக்கு மெஷின் ஆயில் ஒரு சொட்டு விரலால் தடவி, மூடி போட்ட பெட்டியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைக்கிறேன். பேரிங்குக்குள் டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்கிறவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். அண்ணன் அதைப் பார்த்தாலே கோபப்படுவார். அது கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும், நாலு நாள் வழவழப்பாக இருக்கும், ஐந்தாம் நாள் பேரிங் வறண்டு கத்தும்.

பத்துப் பறத்தலுக்கு ஒருமுறை பிளேடைக் கழற்றிவிட்டு வெறும் ஹெலியை ஓட்டி, ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறேன். அவர் காதுக்குக் கேட்பது எனக்குக் கேட்காது, இருந்தாலும் சத்தம் போன தடவை மாதிரி இருக்கிறதா இல்லையா என்பது தெரிகிறது. சர்வோவையும் தலையையும் இணைக்கிற லிங்க்களைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன், ஆட்டம் கொடுத்தால் மாற்றிவிடுகிறேன். பிளேடு நுனியில் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் டேப் ஒட்டி, தூரத்தில் நின்று இரண்டும் ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம், அதையும் விடவில்லை.

ஆவணியில் சரிசெய்து வாங்கியதிலிருந்து இன்று வரை அறுபது பறத்தலுக்கு மேல் ஆகிவிட்டது. புரட்டாசி வரைக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடங்காது, முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும், அந்த மாதங்களில் ஏழரை மணிக்குள் முடித்துவிட்டு வந்துவிடுவேன். வால் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. பறந்து இறங்கினால் மோட்டாரில் ஐந்து விநாடி கை வைத்திருக்க முடிகிறது. இப்போது மாசி, கும்பப்பூ அறுத்துவிட்டார்கள், பூதப்பாண்டி வயலில் வரப்பு ஓரமாக நின்று பறக்கவிடுகிறேன், கடந்த ஞாயிறு நாலு பேட்டரி தொடர்ச்சியாக ஓடியது, ஒரு தடவைகூடக் கெயினைத் தொடவில்லை.

போகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள், காலையில் கிணற்று மோட்டார்க்காரர்கள் நிற்பார்கள். பிளேடையும் பேட்டரியையும் வீட்டிலேயே கழற்றிவைத்துவிடுங்கள், ஓட்டிப் பார்க்கத் தேவைப்பட்டால் நல்ல பேட்டரி ஒன்றைத் தனியாகப் பையில் எடுத்துப்போனால் போதும். உங்கள் மாடலின் மேனுவலை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், போனில் பார்க்க அவருக்குக் கண் சிரமம். எப்போதிலிருந்து கோளாறு, எங்கே பறக்கவிட்டீர்கள், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று கேட்பார், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விழுந்திருந்தால் விழுந்தது என்றே சொல்லுங்கள், கண்ணாடியில் உருட்டியதும் அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். கடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது.